வால்பாறை ஷெட்டிலிருந்து இறங்கிய ஜிப்ஸி கிங்: மூன்று மழைக்காலம் ஓட்டிய பிறகு

பழைய மாருதி ஜிப்ஸி (ஜீப் மாதிரியான ஃபோர் வீல் வண்டி) ஒன்று கிடக்கிறது, எடுத்துக் கட்டலாமா என்று கேட்கிறவர்கள் முதலில் எஞ்சினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் எஞ்சின்தான் கடைசிக் கவலை. வருடக்கணக்கில் நின்ற வண்டியில் காசைத் தின்பது இரண்டே இரண்டு: தகரம், ரப்பர். வேலை முடிந்து மூன்று மழைக்காலம் ஓட்டிவிட்டேன். இன்னமும் அதே இரண்டுதான் அவ்வப்போது தலைகாட்டுகின்றன.

என்னுடையது 1998 மாடல் ஜிப்ஸி கிங். 1985 கடைசியில் வந்த முதல் ஜிப்ஸியில் 970 சிசி எஞ்சின், நான்கு கியர். 1996-ல் வந்த கிங்கில் 1298 சிசி, ஐந்து கியர். என்னிடம் இருப்பது கார்புரேட்டர் வகை, 60 குதிரைத்திறன். பிறகு வந்த எம்.பி.எஃப்.ஐ. மாடல் (கார்புரேட்டருக்குப் பதில் சென்சார் பார்த்துப் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை) 80 குதிரைத்திறன், மலையேற்றத்தில் நன்றாகவே வித்தியாசம் தெரியும். ஆனால் நின்ற வண்டியை எழுப்புவதற்குக் கார்புரேட்டர்தான் எனக்குச் சௌகரியம். வயரும் சென்சாரும் எலி கடித்துக் கிடந்தால் எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் தேடித் தேடிச் சலித்துப்போகும்.

வண்டி ஒரு தேயிலை எஸ்டேட்டுடையது. வால்பாறைப் பக்கம் ஒரு ஷெட்டுக்குள் பல வருடமாக நின்றிருந்தது. கூரைக்கு அடியில்தானே நின்றது, நன்றாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். அங்கேதான் விஷயம். வெயில் ஊரில் வெட்டவெளியில் கிடந்த வண்டி பெயிண்ட் வெளுத்து, டேஷ்போர்டு வெடித்துப் பார்க்கவே பாவமாக இருக்கும். அடியில் குனிந்து பார்த்தால் சேசிஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) கெட்டியாக இருக்கும். மலையில் நிழலில் நின்ற வண்டி நேர் எதிர். ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை துணியே காயாத ஊர் அது. மேலே பெயிண்ட் மினுமினுப்பு, அடியில் பொக்கு.

"பேட்டரி மட்டும் மாத்துனா ஓட்டிட்டே எறங்கிரலாம்ங்க" என்றார் ஷெட் காவலாளி. வால்பாறையிலிருந்து ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவு. எந்தக் காலத்து பிரேக் ஆயிலோ தெரியாத வண்டியில் அந்த இறக்கத்தை யாரும் யோசிக்கவே வேண்டாம். ரெக்கவரி வேனில் ஏற்றித்தான் பொள்ளாச்சிக்குக் கொண்டுவந்தேன்.

பட்டறையில் டிங்கர் அண்ணன் செய்த முதல் வேலை, ரப்பர் மேட்டைச் சுருட்டி வெளியே போட்டதுதான். டிரைவர் காலடித் தகரம் அப்பளமாக உடைந்து கையோடு வந்தது; கீழே பட்டறைத் தரை தெரிந்தது. அப்புறம் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு அடியில் படுத்து, சேசிஸை ஒரு முனையிலிருந்து தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் 'டங்' என்று மணிச் சத்தம். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடத்தை நெருங்கியதும் 'டப்' என்று செத்த சத்தம். "இங்கதாங்க தம்பி" என்று சாக்பீஸில் வட்டம் போட்டார். இந்த சேசிஸ் பெட்டி மாதிரி நாலு பக்கமும் மூடியது. உள்ளே போன சேறு, தண்ணீர் வெளியேறும் ஓட்டையை அடைத்துவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கி, உள்ளிருந்து வெளியே துரு தின்னும். மேலே அடித்த கறுப்புப் பெயிண்டைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. வண்டி பார்க்கப் போகிறவர்கள் வேறு எதுவும் கொண்டுபோகாவிட்டாலும் ஒரு சுத்தியல் கொண்டுபோங்கள். விற்பவர் தட்ட விடவில்லை என்றால் அதுவே பதில்.

மற்றத் துரு இடங்கள்: முன் கண்ணாடி ஃபிரேமின் கீழ் விளிம்பு, பின்பக்கச் சக்கர மேட்டின் மூலைகள், பாடியும் சேசிஸும் சேரும் ரப்பர் மவுண்ட் உட்காரும் இடங்கள். எல்லாம் வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்து வெல்டிங். மேலே தகரம் ஒட்டி பேஸ்ட் பூசி மூடிவிடும் வேலைக்கு ஆள் நிறையக் கிடைக்கும், கூலியும் பாதிதான். இரண்டு மழையில் கொப்புளம் கிளம்பிவிடும். நான் போட்ட மொத்தச் செலவில் பாதிக்கு மேல் இந்தத் தகர வேலைக்கே போனது. பெயிண்ட் விஷயத்தில் ஒன்று: ஜிப்ஸி என்றாலே பலருக்கு இராணுவப் பச்சை அடிக்க ஆசை. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அந்த ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும்தான். நான் ஆர்.சி.யில் இருந்த வெள்ளையையே அடித்தேன். நிறம் மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும், அந்த அலைச்சல் எதற்கு.

சரி, எஞ்சின். செல்ஃப் அடித்துப் பார்க்கும் ஆசையை அடக்குவதுதான் இதில் பெரிய வேலை. ஸ்பார்க் பிளக் நாலையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு இரண்டு நாள் ஊற விட்டோம். பிறகு கிராங்க் புல்லியில் ஸ்பேனர் மாட்டிக் கையால் மெதுவாகச் சுற்றினோம். எங்கும் பிடிக்காமல் சுற்றியது. பழைய ஆயிலை வடித்து, டைமிங் பெல்ட்டை மாற்றி (நின்றே வெடித்திருந்தது, ஓடி அல்ல), பெட்ரோல் டேங்கைத் தொடாமல் ஒரு கேனிலிருந்து தனி ஹோஸ் கொடுத்துத்தான் முதல் ஸ்டார்ட். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் சீட்டு நாரை இழுத்துவந்து எலி கட்டிய கூடு ஒன்று இருந்தது. திறந்து பார்க்காமல் ஸ்டார்ட் செய்திருந்தால் அத்தனையும் கார்புரேட்டருக்குள் போயிருக்கும்.

எஞ்சின் பாகங்களுக்கு அலையவே இல்லை. இதே 1298 சிசி எஞ்சின் குடும்பம்தான் மாருதி எஸ்டீம் காரிலும் ஓடியது. எஸ்டீம் நின்று பல வருடமானாலும் சாமான் கிடைக்கிறது. பாடிச் சாமான்தான் பாடு. கதவுக் கீல், கண்ணாடி ரப்பர், டெயில்கேட் பூட்டு இதற்கெல்லாம் சென்னை புதுப்பேட்டை வரை போனேன், ஜி.பி. ரோட்டில் புதுசு கொஞ்சம் கிடைத்தது. ஜிப்ஸி முப்பது வருடத்துக்கு மேல் தயாரிப்பில் இருந்ததும், இராணுவத்துக்கு ஆயிரக்கணக்கில் போனதும்தான் நமக்கு இன்று பெரிய உபகாரம். ஏலத்தில் கழித்த வண்டிகளின் பாகங்கள் எப்படியோ சுற்றிச் சுற்றிச் சந்தைக்கு வந்துவிடுகின்றன.

பிரேக்கில் பழசு ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் வீல் சிலிண்டரின் உட்சுவரில் குழி விழ வைத்துவிடும். அதில் புது ரப்பர் கப் போட்டாலும் கசியும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஹோஸ், இரும்புக் குழாய் எல்லாம் புதுசு. டயரும் அப்படியே. பட்டன் முழுசாக இருந்தது, பக்கவாட்டில் இருந்த நாலு இலக்கத் தயாரிப்புத் தேதியைப் படித்ததும் முடிவு செய்தாகிவிட்டது. முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டும் வருடம். 205/70 ஆர்15 அளவிலேயே புது டயர் போட்டேன். பெரிய டயர் பார்க்க அழகுதான். 60 குதிரைத்திறனுக்கு அது தண்டனை.

முன் ஆக்ஸிலுக்கு மட்டும் தனியாக ஒரு பத்தி வேண்டும். முட்டுப் பந்துக்குள் (முன்சக்கரம் திரும்பும் இடத்தில் இருக்கும் உருண்டைக் கூடு) இருந்த கிரீஸ் தண்ணீர் கலந்து வெள்ளையாக இருந்தது. சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் பேரிங்கில் துருக்குழி. இதை அப்படியே விட்டால் அறுபதைத் தாண்டும்போது ஸ்டியரிங் கையை உதறும். பேரிங், சீல் எல்லாம் மாற்றி, ஷிம் (மெல்லிய தகடு) வைத்து இறுக்கம் பார்த்த பிறகு உதறல் நின்றது. ஆனால் ஒரு மழைக்காலம் கழித்து லேசாகத் திரும்பி வந்தது. வீல் பேலன்ஸ் பார்த்து, ஷிம்மைத் திரும்பச் சரிசெய்ததும் போய்விட்டது. வருடா வருடம் பார்க்க வேண்டிய வேலை என்று இப்போது வைத்துக்கொண்டேன். முன்சக்கரத்தை ஆக்ஸிலோடு இணைக்கவும் பிரிக்கவும் உதவும் ஹப்பை எப்போதும் ஃப்ரீயிலேயே விட்டுவிடாதீர்கள். அவ்வப்போது லாக் செய்து மண் சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டினால்தான் முன் டிஃபரன்ஷியலில் பல்லுக்கெல்லாம் ஆயில் போகும். தார் ரோட்டில் ஃபோர் வீல் போட வேண்டாம்; முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும்.

காகித வேலை பற்றிச் சுருக்கமாக. பழைய ஆர்.சி. புத்தகம் கணினியில் ஏறவே இல்லை, அதை ஏற்றவே தனி அலைச்சல். 15 வருடம் தாண்டிய சொந்த உபயோக வண்டிக்கு ஐந்து வருடத்துக்கொரு முறை ஆய்வு செய்து பதிவைப் புதுப்பிக்க வேண்டும். கார் வகைக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5000 ஆனது. 20 வருடம் தாண்டியவற்றுக்கு 2025-ல் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. நிறுவனத்தின் பெயரில் இருக்கும் வண்டி என்றால் பெயர் மாற்றக் கையெழுத்துகள் கையில் வரும் முன் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இனி ஓட்டும் அனுபவம். தினசரி வண்டி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாலு பக்கமும் பட்டை ஸ்பிரிங், காலியாகப் போனால் துள்ளும். பின்னால் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் பழனி போய்ச் சேருவதற்குள் உங்களோடு பேச்சை நிறுத்திவிடுவார்கள். பவர் ஸ்டியரிங் இல்லை. ஏசி இல்லை. மைலேஜ் லிட்டருக்கு ஒன்பது, பத்து. மலையில் இன்னும் குறையும். ஆனால் ஒரு டன் எடைகூட வராத வண்டி, சேறு என்று வந்தால் கனமான புது வண்டிகள் உட்காரும் இடத்தில் மிதந்து போகிறது. ஆனைமலைப் பக்கம் நண்பரின் தோப்பில் வாய்க்கால் உடைந்து களி மண்ணாகிக் கிடந்த ஒரு நாள், ஃபோர் லோ (நாலு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கும் கியர்) போட்டு இரண்டாம் கியரில் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே தேங்காய் மூட்டையோடு கரையேறியது. இந்த மாதிரிச் சொந்த நிலத்தில் மட்டும்தான் சேற்றில் இறக்குகிறேன். புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊரில் இருந்துகொண்டு காட்டுக்குள் வண்டி விட்டு வீடியோ எடுப்பவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

இப்போதைய தொல்லை, 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 1998-ல் செய்த ரப்பர் அதைக் கண்டதே இல்லை. பெட்ரோல் பம்ப் டயாஃப்ரமும் கார்புரேட்டர் ஓ-ரிங்கும் ஊதி, ஒருமுறை காலையில் பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை. எரிபொருள் ஹோஸ்களை எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றிவிட்டேன்; கார்புரேட்டர் கிட் வாங்கும்போதும் அதைக் கேட்டே வாங்குகிறேன். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், அதனால் வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தப்போகிறேன் என்றால் டேங்கை அரைகுறையாக விடாமல் நிரப்பிவிடுகிறேன். காலி இடம் குறைந்தால் உள்ளே ஈரக் காற்றும் குறையும். டேங்கை முதலில் கழற்றிக் கழுவியபோது வந்த துருத்தண்ணீரைப் பார்த்த பிறகு இதில் சோம்பல் படுவதில்லை.

செலவு எவ்வளவு என்று கேட்பீர்கள். வண்டி வாங்கிய விலையைப் போல இரண்டு மடங்கு கட்டுவதற்கு ஆனது. விற்றால் அது திரும்பி வராது. கையில் காசு குறைவு என்றால் எஞ்சின் செத்த, சேசிஸ் கெட்டியான வண்டியாகத் தேடுங்கள். ராமநாதபுரம், விருதுநகர் மாதிரிக் காய்ந்த ஊர்களில், கடல் காற்று படாத இடமாகப் பாருங்கள். எனக்கு அடுத்த வேலை பின் பட்டைகளின் புஷ். மலையேறும்போது கீச்சுக் கீச்சென்று கேட்கிறது, தை பிறந்ததும் பட்டறையில் விட வேண்டும்.