கொடுவாவுக்கு எது? லிப்லெஸ், மின்னோ, ரப்பர் மீன்: ராமநாதபுரம் கரைக்கு ஓர் அலசல்

லிப்லெஸ் கிராங்க்பெய்ட் என்கிற லூரை, அதாவது தூண்டிலில் கட்டும் செயற்கை இரையை, எப்போது, எப்படிப் போடுவது என்று தேடினால் கிடைப்பதெல்லாம் அமெரிக்க ஏரிகளில் பாஸ் என்கிற நன்னீர் மீனைப் பிடிக்கிறவர்களின் அனுபவம். நல்ல அனுபவம்தான், அந்த லூர் பேர் வாங்கியதே அந்த மீனால்தான். ஆனால் அந்தக் கணக்கை அப்படியே தூக்கிக்கொண்டு தேவிபட்டினத்துக்கோ பாம்பனுக்கோ வந்தால் பாதிதான் பலிக்கும். இங்கே பாஸ் இல்லை, கொடுவா இருக்கிறது. இரண்டுமே ஒளிந்திருந்து பாய்கிற, வாயை அகலத் திறந்து இரையை உறிஞ்சிக்கொள்கிற மீன்கள். அதனால் லூர் இரண்டுக்கும் பொருந்துகிறது, போடும் காலம் மட்டும் மாறுகிறது. அங்கே தண்ணீரின் சூட்டைப் பார்த்து லூரை எடுப்பார்கள். நாம் காற்றையும் கலங்கலையும் பார்த்து எடுக்க வேண்டும்.

போட்டியில் இருப்பவை மூன்று. லிப்லெஸ் என்பது தட்டையான மீன் வடிவம். நரம்பு, அதாவது தூண்டில் நூல், கட்டும் வளையம் முதுகில் இருக்கும், வயிற்றுக்குள் சின்னச் சின்னக் குண்டுகள் கிடக்கும். இழுத்தால் நெருக்கமாக அதிர்ந்து சலசலக்கும், இழுப்பை நிறுத்தினால் மூழ்கும். மின்னோவுக்கு வாய்க்கு முன்னால் ஒரு தகடு நீட்டியிருக்கும். அது தண்ணீரைக் கிழித்து லூரைக் கீழே இறக்கும், நிறுத்தினால் லூர் மெல்ல மேலே வரும் அல்லது அதே ஆழத்தில் நிற்கும். மூன்றாவது ஜிக்ஹெட்டில், அதாவது ஈயக் குண்டு வைத்த தூண்டில் முள்ளில், கோத்த ரப்பர் மீன். ஒற்றை முள், சத்தம் கிடையாது, வால் மட்டும் ஆடும். மேற்பரப்பில் தண்ணீரைத் தெறிக்கவிடும் பாப்பரையும் சிலர் சேர்ப்பார்கள். விடியலில் அலை இல்லாத அரைமணி நேரத்துக்கு அது அருமை, மற்ற நேரத்தில் பெட்டியிலேயே இருக்கட்டும்.

பாஸ்காரர்களின் கணக்கு எங்கிருந்து வருகிறது?

அங்கே குளிர்காலம் முடிந்து தண்ணீர் 10 டிகிரி செல்சியஸைத் தாண்டி ஏறும்போது, முட்டையிடும் காலத்துக்கு முன்பாக, பாஸ் ஆழத்தை விட்டு மேடான பாசித் தளங்களுக்கு வருகிறது. ஒரே இடத்தில் குவியாமல் பரந்து கிடக்கிறது. பரந்து கிடக்கும் மீனைத் தேட தூரம் வீசி, வேகமாக இழுத்து, நிறையத் தண்ணீரை அலச வேண்டும். அதற்கு லிப்லெஸ்ஸை மிஞ்ச ஆள் இல்லை. டெக்சாஸின் சாம் ரேபர்ன் போன்ற ஏரிகளில் லூரை ஹைட்ரில்லா பாசியின் தலையில் உரச விடுவார்கள். சிக்கியதும் ராடை வெடுக்கென்று சுண்டினால் பாசி அறுந்து லூர் துள்ளி வெளியே வரும். அந்தத் துள்ளலில்தான் கடி. சிவப்பு நிறத்துக்கு அங்கே அவ்வளவு மவுசு இருப்பதற்கும் காரணம் உண்டு: அந்தப் பருவத்தில் பாஸ் தின்பது கிராஃபிஷ் என்கிற, சிங்கி இறால் போன்ற நன்னீர் உயிரி. இலையுதிர் காலத்தில் சின்ன மீன் கூட்டங்கள் ஓடைகளுக்குள் ஏறும்போது அதே லூர் வெள்ளி நிறத்துக்கு மாறும்.

நம் கடலில் இந்தப் பருவ நாடகம் கிடையாது. தண்ணீர் ஆண்டு முழுக்க வெதுவெதுப்பாகவே இருக்கிறது. கிராஃபிஷும் இல்லை, ஆகவே சிவப்பு லூருக்குத் தனி மரியாதை தரத் தேவையில்லை. கொடுவா இங்கே மடவைக் குஞ்சையும் இறாலையும் சூடையையும் துரத்துகிறது. தெளிந்த தண்ணீரில் கருத்த முதுகும் வெள்ளி வயிறும், கலங்கலில் தங்க நிறம். நிறத்தைப் பற்றி இதற்கு மேல் யோசிப்பது வீண் என்பேன்.

வடகடல், தென்கடல்

ராமநாதபுரம் கரையின் பெரிய கொடுப்பினை, ஒரே மாவட்டத்தில் இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தென்மேற்குப் பருவத்தில், தோராயமாக மே முதல் செப்டம்பர் வரை, தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். வாடை தொடங்கியதும் தலைகீழாகிவிடும். இதை மண்டபம் ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். லூர் வாங்குகிறவர்கள்தான் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வடகடல் கரையில் நின்றால் காற்று முதுகுப் பக்கமிருந்து வரும். 14 கிராம் லிப்லெஸ் கல்லெறிந்த மாதிரி போகும். காற்று துணை நிற்கும்போது மின்னோவும் போகும்தான், ஆனால் குறுக்குக் காற்று அடித்தால் அது குட்டிக்கரணம் போட்டு, முள் நரம்பில் மாட்டி, பாதித் தூரத்தில் விழுந்துவிடும். கரையில் நின்று வீசுகிறவருக்கு இந்த ஒரு காரணமே லிப்லெஸ் பக்கம் சாயப் போதும்.

சரி, வடகடலின் கடற்புல்? இங்கேதான் அமெரிக்க வழியை அப்படியே எடுத்தால் உதைக்கும். ஹைட்ரில்லா மெலிந்த தண்டு, சுண்டினால் அறுந்து விலகும். நம் கடற்புல்லான கடல்தாழையின் இலைகள் நாடா போல நீளமானவை, ஈரத்தோல் போல வழவழப்பானவை. லூர் உள்ளே போனால் இலை முள்ளில் சுற்றிக்கொள்ளும். அதிர்வு நின்றுவிடும், லூர் செத்த கட்டை மாதிரி வரும். சுண்டினால் இலையோடு வேரும் பிடுங்கிக்கொண்டு வரக்கூடும். ஆவுளியா என்கிற கடல்பசு மேய்கிற, இறாலும் மீன்குஞ்சும் வளர்கிற புல் அது. அதைப் பிடுங்கி மீன் பிடிக்க வேண்டியதில்லை. புல்லுக்கு மேல் இடுப்பளவு தண்ணீராவது நிற்கும் நேரத்தில், ராடை உயர்த்திப் பிடித்து, லூர் விழுந்த உடனே இழுக்கத் தொடங்கி, புல்லின் தலையைத் தொடாமல் கொண்டுவாருங்கள். அப்படிப் போட்டால் லிப்லெஸ் இந்தத் திட்டுகளின் ராஜா. தண்ணீர் வற்றிப் புல் மேலே படர்ந்துவிட்டால் லிப்லெஸ்ஸும் மின்னோவும் இரண்டுமே தோற்கும். முள்ளை உடம்புக்குள் மறைத்துக் கோத்த ரப்பர் மீன் ஒன்றுதான் அப்போது நழுவிப் போகும்.

புல் திட்டுகளுக்கு நடுவே வெள்ளை மணல் குழிகள் தெரியும். கொடுவாவைத் தேட வேண்டியது அந்த ஓரங்களில். லூர் குழிக்கு மேல் வந்ததும் இழுப்பை நிறுத்தி ஒரு நொடி மூழ்க விடுங்கள். பெரும்பாலான கடி அந்த இறக்கத்தில்தான் வரும். கையில் இடி மாதிரி எதையும் எதிர்பார்க்காதீர்கள். நரம்பு தளர்வதோ பக்கவாட்டில் நகர்வதோ கண்ணில் பட்டால் உடனே இழுக்க வேண்டும்.

பாம்பன் கால்வாயில் கணக்கு வேறு. வாடைப் பருவத்தில் நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே பாயும், தென்மேற்குப் பருவத்தில் தெற்கிலிருந்து வடக்கே. ஏற்றவற்றம் இங்கே ஒரு மீட்டருக்கும் குறைவு, அதனால் ஓட்டத்தின் வலுவைப் பெரும்பாலும் காற்றே தீர்மானிக்கிறது. நீவாடு, அதாவது நீரோட்டம், இழுக்கும் இடத்தில் மின்னோ சரிந்து ஓடும், ஆழமும் இறங்காது. இலேசான ஜிக்ஹெட் தரையைத் தொடுமுன் அடித்துப் போய்விடும். 21 கிராம் லிப்லெஸ் இறங்கும். ஓட்டத்துக்கு மேல் பக்கமாக வீசி, மூழ்க விட்டு, ராடால் ஒன்றரை அடி உயர்த்தி, மறுபடி இறங்க விட வேண்டும். பாஸ்காரர்கள் ஆழத்தில் செய்கிற அதே ஏற்றி இறக்கும் வேலை, இங்கே ஓட்டம் பாதி வேலையைச் செய்துகொடுக்கும். கொடுவா வராவிட்டாலும் பாறை மீனோ ஊளி மீனோ வந்து அடிக்க வாய்ப்பு அதிகம். நாட்டுப்படகில் போனால் இந்த இடத்துக்கு வேறு லூரே தேட மாட்டேன்.

எந்த வேகத்தில் மூழ்குகிறது என்பது லூருக்கு லூர் மாறும். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் கரையோரத்தில் முழங்கால் தண்ணீரில் போட்டு எண்ணிப் பாருங்கள். பிறகு ஆழத்தில் அந்த எண்ணிக்கையே உங்கள் அளவுகோல்.

மின்னோ வெல்லும் இடம்

ஆற்றங்கரை என்னும் ஊரில் வைகை கடலைத் தொடும் இடம், மூக்கையூர் பக்கம் குண்டாற்று முகம், காரங்காட்டின் அலையாத்திக் கால்வாய்கள். இந்த மாதிரி இடங்களில் லிப்லெஸ்ஸை முதலில் எடுக்காதீர்கள். வேர்களுக்கும் மரக்கட்டைகளுக்கும் இடையில் கொடுவா நிழலாக நிற்கும். லூர் அதன் முகத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். நிற்பது லிப்லெஸ்ஸால் முடியாத காரியம். நிறுத்தினால் மூழ்கும், மூழ்கினால் வேரில் மாட்டும். மின்னோவோ இரண்டு இழுப்பு இழுத்து நிறுத்தினால் அங்கேயே தயங்கி நிற்கும். கொடுவாவின் பொறுமை அந்தத் தயக்கத்தில்தான் உடையும்.

ஆற்று முகத்தில் நல்ல நேரம் வற்றத்தின் கடைசிப் பகுதி. உள்ளிருந்து இறாலும் மடவைக் குஞ்சும் வெளியேறும், கொடுவா வாசலில் காத்திருக்கும். மழைக்காலத்தில் வைகையில் வெள்ளம் வந்து பெரிய கண்மாய் நிறைந்து மிச்சம் கடலுக்கு வரும் நாட்களில், செம்மண் கலங்கலும் தெளிந்த கடல்நீரும் சந்திக்கும் கோடு கண்ணுக்கே தெரியும். அப்போது மட்டும் இங்கேயும் லிப்லெஸ்ஸுக்கு மாறுவேன். கண் தெரியாத தண்ணீரில் மீன் அதிர்வை உடம்பின் பக்கவாட்டுக் கோட்டால் உணர்கிறது, குண்டுச் சத்தமும் தூரம் போகிறது. கோட்டின் நெடுக, மெதுவாக, மீன் பின்தொடர நேரம் கொடுத்து இழுக்க வேண்டும். காரங்காட்டு அலையாத்தி வனத்துறையின் பொறுப்பில் இருப்பது, அங்கே கேட்டு அனுமதி கிடைத்தால் மட்டுமே தூண்டில்.

தென்கடல் கரையில், கீழக்கரையிலிருந்து வாலிநோக்கம் வரை, வாடை மாதங்களில் தண்ணீர் கண்ணாடியாகத் தெளியும் நாட்கள் உண்டு. அந்தத் தெளிவில் சலசலக்கும் லூரைப் பார்த்து மீன் ஒதுங்கிப் போவதையே பார்க்கலாம். ரப்பர் மீனுக்கு உரிய கரை இதுதான். சத்தமில்லாமல் விழுந்து, அடியோரமாக நகர்ந்து, இயல்பாக இருக்கும். தவிர, பார் எனப்படும் பவளப் பாறை உள்ள இடத்தில் லிப்லெஸ் தலைகுப்புற இறங்கி மூன்று கூர் கொண்ட இரண்டு ட்ரெபிள் முள்ளாலும் கல்லைப் பிடித்துக்கொள்ளும், லூரும் போகும் பவளமும் உடையும். தீவுகளின் பக்கம் போகவே கூடாது. 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா.

உயிர் மடவைக் குஞ்சு, உயிர் இறால் போட்டுக் கைத்தூண்டிலில் கொடுவா எடுக்கும் பெரியவர்களோடு இந்த மூன்றையும் ஒப்பிட்டால்? மீன் நிற்கும் இடம் தெரிந்துவிட்டால் உயிர் இரையை எந்த லூரும் வெல்லாது. அந்த அண்ணன்மார்களுக்கு இடம் தெரியும். இடம் தெரியாத நமக்குத்தான் தேடித் தருகிற லூர் தேவைப்படுகிறது.

மாட்டிய பிறகு

லிப்லெஸ்ஸின் பெரிய பலவீனம் கடித்த பிறகு தெரியும். கொடுவா தண்ணீருக்கு மேலே துள்ளித் தலையை உதறும். கனமான தட்டை லூர் வாயோரத்தில் தொங்கிக்கொண்டு நெம்புகோலாக வேலை செய்து முள்ளைக் கழற்றிவிடும். ரப்பர் மீனின் ஒற்றை முள் இந்த உதறலை நன்றாகத் தாங்கும். இதற்கு வழி, மீன் மேலே வரப்போவதை நரம்பின் சாய்வில் பார்த்ததும் ராடு நுனியைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்துவது. நரம்பைத் தளர விடவும் கூடாது.

பாஸ் லூரில் வரும் முள்கள் நன்னீருக்கானவை. கொடுவாவின் தாடை அவற்றை விரித்துவிடும், உப்பு சீக்கிரமே துருப்பிடிக்க வைத்துவிடும். வாங்கிய அன்றே வளையத்தோடு சேர்த்துக் கனமான கடல் முள்ளாக மாற்றுங்கள். லிப்லெஸ் இந்தக் கூடுதல் எடையைத் தாங்கும், கொஞ்சம் வேகமாக மூழ்கும், அவ்வளவுதான். அந்தரத்தில் நிற்கும் மின்னோவில் இதையே செய்தால் அது மூழ்கத் தொடங்கி அதன் சிறப்பே போய்விடும், அதனால் அதற்கு எடை பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். செவுள் மூடியின் ஓரம் கத்தி மாதிரி. நரம்பின் நுனியில் 40 முதல் 60 பவுண்டு தாங்கும் லீடர் என்கிற தடித்த நரம்புத் துண்டு இல்லாமல் எந்த லூரையும் போடாதீர்கள்.

இரண்டு ட்ரெபிளுக்குப் பதிலாக இரண்டு ஒற்றை முள் போடுவது எனக்குப் பிடித்த ஏற்பாடு. புல்லும் குறைவாகச் சிக்கும், மீனை விடுவிப்பதும் எளிது. கொடுவா ஆணாகத் தொடங்கிப் பெரிதான பிறகு பெண்ணாக மாறும் மீன், மிகப் பெரியது கிடைத்தால் அது பெரும்பாலும் முட்டையிடும் தாய்தான். அதைப் படகில் போட்டுப் புரட்டாமல், தண்ணீரிலேயே வைத்து இடுக்கியால் முள்ளைத் திருப்பிக் கழற்றி விட, ஒற்றை முள்ளில் சில நொடிகள் போதும்.