அணை நீர்மட்டத்தை எழுதி வைக்க நோட்.ஜேஎஸ் எஃப்எஸ் மாட்யூல் போதுமா?

முழுக் கொள்ளளவில் பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. தாமிரபரணிப் பாசனத்தை நம்பிப் பயிர் வைத்தவர்கள் இந்த மூன்று அணைகளிலும் இன்று எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்றுதான் பார்ப்பார்கள். தேதி, அடி, அணையின் பெயர் என்று தினம் மூன்று வரி எழுதி வைக்க டேட்டாபேஸ் தேவையில்லை, ஒரு டெக்ஸ்ட் ஃபைல் போதும். அந்த ஃபைலைச் சர்வரில் டைப்ஸ்கிரிப்டில் (டைப் சோதனை சேர்ந்த ஜாவாஸ்கிரிப்ட்) படிக்கவும் எழுதவும், ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸ் கூடவே வரும் எஃப்எஸ் (ஃபைல் சிஸ்டம்) மாட்யூல் நல்ல கருவி. காசு கிடையாது. டைப்களுக்காக அதன் டைப்ஸ் பேக்கேஜை மட்டும் டெவ் டிபென்டன்சியாகச் சேர்த்தால் ஆயிற்று.

இதில் கால்பேக், சிங்க் (முடியும்வரை காத்து நிற்பது), பிராமிஸ் (பின்னணியில் முடித்துத் தருவது) என மூன்று வகை உண்டு. பிராமிஸ் வகையையே எடுங்கள். சர்வர் கிளம்பும்போது ஒரு செட்டிங்ஸ் ஃபைலைப் படிக்க சிங்க் பரவாயில்லை. ரெக்வெஸ்ட் வரும் இடத்தில் அதை வைத்தால், டிஸ்க் வேலை முடியும்வரை மற்ற எல்லோரும் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

படிப்பதில் டைப்ஸ்கிரிப்ட் உண்மையிலேயே கை கொடுக்கிறது. ரீட்ஃபைலுக்கு யுடிஎஃப்-8 என்று சொல்லாவிட்டால் கிடைப்பது ஸ்ட்ரிங் அல்ல, பஃபர், அதாவது வெறும் பைட்களின் தொகுப்பு. அதன்மேல் ஸ்ப்ளிட் போட்டால் ரன் பண்ணும் முன்பே சிவப்புக்கோடு விழும். வெறும் ஜாவாஸ்கிரிப்டில் இது ஓடும்போதுதான் வெடிக்கும்.

ஆனால் பெரிய ஃபைலை ஸ்ட்ரீமாக, அதாவது துண்டு துண்டாகப் படிக்கும்போது அந்தக் காவல் இல்லை. ‘திருநெல்வேலி’யை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு 6 எழுத்து, லெங்த் கேட்டால் 12, டிஸ்க்கில் 36 பைட். தமிழின் ஒவ்வொரு குறியீடும் யுடிஎஃப்-8-இல் 3 பைட் பிடிக்கும். ரீட் ஸ்ட்ரீம் வழக்கமாக 65,536 பைட் துண்டுகளாகத் தரும். அது மூன்றால் மீதியின்றி வகுபடாது. அதனால் துண்டு முடியும் இடத்தில் ஓர் எழுத்து பிளந்து, அங்கே கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி வந்து நிற்கும். ஸ்ட்ரிங்கோடு பஃபரைக் கூட்டினாலும் கம்பைலர் வாய் திறக்காது. சின்ன இங்கிலீஷ் ஃபைலில் சோதித்தால் இந்தப் பிழை தலைகாட்டவே காட்டாது, தமிழில்தான் மாட்டும். ஸ்ட்ரீமைத் திறக்கும்போதே யுடிஎஃப்-8 என்று சொல்லிவிட்டால் பாதி எழுத்தை வைத்திருந்து அடுத்த துண்டோடு சேர்த்துத் தரும். வரிவரியாக வேண்டுமென்றால் நோட்.ஜேஎஸ்ஸின் ரீட்லைன் மாட்யூல்.

விண்டோஸில் தயாரான ஃபைல் என்றால் இன்னும் இரண்டு தொல்லை. வரி முடிவில் ஒட்டிவரும் கேரியேஜ் ரிட்டர்ன் என்ற கண்ணுக்குத் தெரியாத குறியால் கடைசி நெடுவரிசையில் உள்ள ‘மணிமுத்தாறு’ நம் ‘மணிமுத்தாறு’க்குச் சமமாகாது. ட்ரிம் போடுங்கள். பழைய நோட்பேட் ஃபைலின் தலையில் வைக்கும் பிஓஎம் என்ற கண்ணுக்குத் தெரியாத குறியை நோட்.ஜேஎஸ் நீக்காது. அது முதல் வரித் தேதியோடு ஒட்டிக்கொள்ளும். எக்ஸெல்லில் இரட்டைக் கிளிக்கில் திறக்கப்போகும் சிஎஸ்வியை எழுதும்போது மட்டும் அதே பிஓஎம்-ஐ நாமே வைக்க வேண்டும், இல்லையென்றால் தமிழ் குதறிப்போகும். யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய ஃபைல்களை யுடிஎஃப்-8 என்று சொல்லிப் படித்துப் பயனில்லை, முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

டைப்பை நம்பி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அடி நெடுவரிசை காலியாக இருந்தால், எண்ணாக மாற்றும் நம்பர் ஃபங்ஷன் அதை 0 ஆக்கிவிடும். பாபநாசம் அணை வறண்டது என்று திரையில் காட்டும்! ‘118 அடி’ என்று எழுதியிருந்தால் நேன் (எண் அல்ல என்ற மதிப்பு) வரும், அதுவும் டைப்பில் நம்பர்தான். டைப் நம் புரோகிராமுக்குக் காவல், ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. காலியா என்று பாருங்கள், பிறகு சரியான எண்தானா என்று இஸ்ஃபைனைட்டால் பாருங்கள், பிறகு அணையின் முழுக் கொள்ளளவு அடியைத் தாண்டுகிறதா என்ற சோதனை. நோஅன்செக்டுஇண்டெக்ஸ்டுஆக்சஸ் என்ற டைப்ஸ்கிரிப்ட் செட்டிங்கையும் போட்டுவிடுங்கள். குறைந்த நெடுவரிசை உள்ள வரியை அது நினைவூட்டும்.

எழுதுவதில் ரைட்ஃபைல் பழையதைத் துடைத்துவிட்டு எழுதும். தினசரி வரிக்கு அப்பெண்ட்ஃபைல்தான், வரி முடிவுக் குறியை நாம்தான் சேர்க்க வேண்டும். முழு ஃபைலையும் மாற்றி எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் அரைகுறை ஃபைல்தான் மிஞ்சும். அதனால் அதே ஃபோல்டரில் தற்காலிகப் பெயரில் எழுதி முடித்து, பிறகு ரீநேம் செய்யுங்கள். தற்காலிக ஃபைல் வேறு டிஸ்க்கில் இருந்தால் ரீநேம் எக்ஸ்டெவ் என்ற பிழையில் நிற்கும். முடியும்வரை காத்திருக்கச் சொல்லும் அவெய்ட் விட்டுப்போனால், முந்தையதை எழுதி முடிக்கும் முன்பே அடுத்தது தொடங்கும், இரண்டும் கலந்து கெடும்.

ஃபைல் இருக்கிறதா என்று முன்கூட்டிப் பார்க்காதீர்கள். நேரே படியுங்கள், ஈநோஎன்ட் (ஃபைல் இல்லை என்ற பிழை) வந்தால் கேட்ச்சில் பார்த்துக்கொள்ளலாம். டைப்ஸ்கிரிப்டில் ஸ்ட்ரிக்ட் செட்டிங் போட்டிருந்தால் அங்கே பிழையின் டைப் அன்நோன். அது எர்ரர்தானா, அதில் ‘கோட்’ (code) என்ற பிழைக் குறி உண்டா என்று உறுதிசெய்த பிறகே அந்தக் குறியைத் தொட விடும். கையால் ஓட்டினால் ஓடுவது, குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் ஈநோஎன்ட் தருகிறதென்றால், ரிலேட்டிவ் பாதை ஸ்கிரிப்ட் இருக்கும் இடத்திலிருந்து அல்ல, ஓட்டிய இடத்திலிருந்து தேடப்படுவதுதான் காரணம். நோட்.ஜேஎஸ் 20.11 பதிப்பு முதல் ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரைச் சொல்லும் இம்போர்ட்.மெட்டா.டிர்நேம் உண்டு, அதிலிருந்து பாதையைக் கட்டுங்கள்.

நோட்.ஜேஎஸ்ஸுக்கு மாற்றாக டீனோ, பன் என்று இரண்டு உண்டு. டீனோவில் எந்த ஃபோல்டரைப் படிக்கலாம், எழுதலாம் என்று அனுமதி கொடுத்தால்தான் ஓடும், அது நல்ல கட்டுப்பாடு. பன்னில் இதே வேலைக்குக் குறைந்த வரிகள் போதும். ஏற்கனவே நோட்.ஜேஎஸ் ஓடும் சர்வரை இதற்காக மாற்றத் தேவையில்லை. 22.18 பதிப்பு முதல் நோட்.ஜேஎஸ்ஸே டைப்ஸ்கிரிப்ட் ஃபைலை நேரடியாக ஓட்டும். டைப்பை உரித்துப்போட்டுத்தான் ஓட்டும், சரிபார்க்காது, ஆகவே டிஎஸ்சி என்ற டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரைத் தனியாக ஓட்டிவிட்டுச் சர்வரில் ஏற்றுங்கள்.