சுவரில் முட்டுவதா, சுவருக்கு மேலே எறிவதா?

சூப்பர் பவுலுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் அமெரிக்கக் கால்பந்து ரசிகருக்குப் பேச்சைத் தவிர வேறு வேலை கிடையாது. 2021 பிப்ரவரி 7 அன்று டாம்பாவில் நடக்கவிருந்த ஆட்டத்துக்கு முன் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் ரசிகர்கள் ஒரே கேள்வியில் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். டாம்பா பே பக்கனியர்ஸுக்கு எதிராகப் பந்தைச் சுமந்துகொண்டு ஓடுவதா, எறிவதா?

கேள்வி சும்மா எழவில்லை. 2019, 2020 ஆகிய இரண்டு பருவங்களிலும் ஓட்டத்தைத் தடுப்பதில் லீகிலேயே முதலிடம் பக்கனியர்ஸுக்குத்தான். 2020இல் எதிரணிகள் அவர்களுக்கு எதிராக ஓடிச் சேர்த்தது ஆட்டத்துக்குச் சராசரியாக 80.6 யார்டு. அந்தத் தற்காப்புச் சுவரின் நடுவே வீட்டா வேயா, சுமார் 157 கிலோ. பந்து அசைந்ததும் அவர் யாரையும் துரத்துவதில்லை, நின்ற இடத்தை விட்டுக்கொடுக்காமல் நிற்பார், அவ்வளவுதான். அவரை நகர்த்த இரண்டு பேர் வேண்டும். அந்த இருவர் அவரோடு மல்லுக்கட்டும் நேரத்தில் பின்னாலிருக்கும் லைன்பேக்கர் (இரண்டாம் வரிசைத் தடுப்பாளர்) டெவின் வைட்டைத் தடுக்க ஆள் இருக்காது. பந்தோடு வருபவர் இடைவெளியைக் கண்டுபிடிப்பதற்குள் வைட் அங்கே வந்து நிற்பார். இரண்டு யார்டு. மறுபடி ஓடினால் மறுபடி இரண்டு யார்டு. நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும் என்பது விதி; மூன்றாவது முயற்சியில் ஆறு யார்டு தேவைப்படும்போது எறிந்தே ஆகவேண்டும், எறியப்போகிறார்கள் என்பது அரங்கம் முழுக்கத் தெரிந்திருக்கும்.

நான் எறியும் கட்சி. எங்கள் கையில் இருந்த சாட்சி பலமானது. பத்து வாரங்களுக்கு முன், 2020 நவம்பர் 29 அன்று, இதே டாம்பாவில், இதே அணியை சீஃப்ஸ் 27-24 என்று வென்றிருந்தது. சீஃப்ஸின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிபவர், பேட்ரிக் மஹோம்ஸ் 49 முறை எறிந்து 37ஐச் சேர்ப்பித்து 462 யார்டு எடுத்தார். அவர் எறிந்ததில் டைரீக் ஹில் முதல் கால்பகுதியில் மட்டும் 203 யார்டு பிடித்தார், முடிவில் 269. சுவரை யாரும் தொடவே இல்லை, தலைக்கு மேலே போய்விட்டார்கள்.

பழைய சாட்சியும் உண்டு. 2006இல் மின்னசோட்டா வைக்கிங்ஸின் ‘வில்லியம்ஸ் சுவர்’ பேர்போனது. பாட் வில்லியம்ஸ், கெவின் வில்லியம்ஸ் இருவரும் உறவினர்கள் அல்ல, பெயர் மட்டும்தான் ஒன்று. அந்த அக்டோபர் 30 திங்கள் இரவு நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அவர்களைச் சோதித்துப் பார்க்கக்கூட முயலவில்லை. ஆட்டக்காரர்களை அகலமாகப் பரப்பி நிறுத்திவிட்டு எறிந்துகொண்டே இருந்தார்கள். நான்கு டச் டவுன் (எதிரியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பது), 31-7 வெற்றி. எறிந்தவர் டாம் பிராடி. 2021இல் அதே பிராடி பக்கனியர்ஸின் குவார்ட்டர்பேக்காகச் சுவருக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார் என்பதை நாங்கள் வேடிக்கையாகத்தான் பேசிக்கொண்டோம்.

ஓடும் கட்சியின் வாதம் எங்களுக்குக் கிழவர்களின் பேச்சாகப் பட்டது. கடிகாரத்தை ஓடவிட வேண்டும், பிராடியைக் களத்துக்கு வெளியே உட்கார வைக்க வேண்டும், ஓட்டம் உண்டு என்ற பயமாவது எதிரிக்கு இருக்க வேண்டும் என்றார்கள். முதல் இரண்டும் தேய்ந்துபோன வாதங்கள் என்றே இன்றும் நினைக்கிறேன். முன்னிலையில் இல்லாத அணி கடிகாரத்தை ஓடவிட்டு என்ன சாதிக்கும்? ஆனால் தரவரிசையைப் பற்றி அவர்கள் சொன்ன ஒன்றை நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஓட்டத் தடுப்பில் முதலிடம் என்பது பாதி அணியின் திறமை, மீதி எதிரிகளின் தயக்கம். பின்தங்கிய அணி ஓடுவதை விட்டுவிடும், பெயரைக் கேட்டுப் பயந்த அணி ஓடத் தொடங்கவே செய்யாது. யாரும் ஓடாவிட்டால் யார்டு கணக்கு தானாகக் குறையும்.

நடுநிலையாளர்கள் என்று மூன்றாவது கூட்டமும் இருந்தது. குட்டை எறிதல்களையே ஓட்டத்துக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் யோசனை. ஸ்கிரீன் பாஸில் எதிரியின் முன்வரிசையை வேண்டுமென்றே உள்ளே வரவிட்டு, அவர்கள் தலைக்கு மேலாகப் பந்தைப் பக்கத்தில் நழுவவிடுவார்கள். கனத்த ஆட்களுக்கு எதிராக அருமையான தந்திரம். அப்போதைய பக்கனியர்ஸிடம் மட்டும் அது எடுபடுவது கஷ்டம், ஏனென்றால் வைட், இன்னொரு லைன்பேக்கர் லவான்டே டேவிட் இருவரும் பக்கவாட்டில் பாய்வதில்தான் வல்லவர்களாக இருந்தார்கள்.

இத்தனை பேச்சிலும் இரண்டு விஷயங்கள் கண்ணெதிரே இருந்தன. நவம்பரில் வேயா காயத்தால் களத்திலேயே இல்லை, கிரீன் பேயில் நடந்த அரையிறுதிக்குத்தான் திரும்பி வந்தார். மறுபக்கம் மஹோம்ஸின் இரு காவல் டேக்கிள்களும் (முன்வரிசையின் இரு ஓரங்களில் நின்று அவரைக் காப்பவர்கள்) போய்விட்டிருந்தார்கள். மிட்செல் ஷ்வார்ட்ஸ் முதுகுவலியால் பருவத்தின் பாதியிலேயே. எரிக் ஃபிஷர் அரையிறுதியில் குதிகால் தசைநாண் அறுந்து. வலப்பக்கத்து ஆளை இடப்பக்கம் மாற்றி, உள்ளே நிற்பவரை வெளியே தள்ளி, எப்படியோ ஒரு வரிசை கட்டினார்கள். நீண்ட எறிதலுக்கு மூன்று, நான்கு விநாடி வேண்டும். அந்த விநாடிகளை யார் தரப்போகிறார்கள் என்று எங்கள் கட்சியில் ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

ஆட்டம் 31-9 என்று முடிந்தது, சீஃப்ஸுக்கு ஒரு டச் டவுன்கூட இல்லை. பக்கனியர்ஸின் தற்காப்புப் பயிற்சியாளர் டாட் போல்ஸ் கூடுதல் ஆட்களை அனுப்பி எதிரியைத் திணறடிப்பவர் என்று பெயர் வாங்கியவர். அன்று அதை மிக அரிதாகவே செய்தார். நால்வரை மட்டும் அனுப்பினார், ஆழத்தில் இருவரை நிறுத்தி ஹில்லுக்கு மேலே கூரை போட்டார். நால்வரே போதுமாக இருந்தார்கள். மஹோம்ஸ் அன்றும் சரியாக 49 முறை எறிந்தார், ஆனால் 26தான் சேர்ந்தது, 270 யார்டு, எதிரி பந்தைப் பறித்த இரண்டு இடைமறிப்புகள். கடைசிக் கால்பகுதியில் ஒரு காட்சி: துரத்தலிலிருந்து தப்பிப் பின்வாங்கி, கால் தடுக்கி, உடல் தரைக்கு இணையாகக் கிடைமட்டமாக மிதக்கும்போது எறிகிறார். பந்து தப்பாமல் சக ஆட்டக்காரர் டாரல் வில்லியம்ஸின் முகக்கவசத்தில் போய் மோதிக் கீழே விழுகிறது.

ஓட்டக் கணக்கை மறுநாள்தான் பார்த்தேன். 17 ஓட்டங்களில் 107 யார்டு, அதாவது ஓட்டத்துக்கு ஆறுக்கும் மேல். சீஃப்ஸின் ஓட்டக்காரர் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேருக்கு ஒன்பதே முறை பந்து கொடுத்தார்கள், அவர் 64 யார்டு ஓடியிருந்தார். லீகின் முதல்தரச் சுவருக்கு எதிராக! ஆழத்தில் இருவர் நின்றால் முன்னால் ஆள் குறையும் என்பது இந்த ஆட்டத்தின் அரிச்சுவடி. முதல் பாதியில் ஆறு, ஏழு முறை கூடுதலாக ஓடியிருந்தால் அந்த இருவரில் ஒருவராவது முன்னே இறங்கி வந்திருப்பார், ஹில்லுக்கு மேலிருந்த கூரை விரிசல் விட்டிருக்கும். வென்றிருப்பார்கள் என்று சொல்லமாட்டேன். அந்தக் காவல் வரிசையை வைத்துக்கொண்டு வெல்வது கடினம். மஹோம்ஸ் அவ்வளவு தூரம் ஓடித் தவித்திருக்க வேண்டியதில்லை என்று மட்டும் சொல்வேன்.

அதனால் 2006ஐ மேற்கோள் காட்டும் எறியும் கட்சிக்காரர்களிடம் இப்போதெல்லாம் நான் ஒன்றுதான் கேட்பது: அன்று பிராடிக்கு முன்னால் நின்றவர்கள் யார், இன்று உங்கள் ஆளுக்கு முன்னால் நிற்பவர்கள் யார்? ஓடும் கட்சிக்காரர்களும் 2021 டிசம்பர் பஃபலோ ஆட்டத்தைக் காட்டித் தப்ப முடியாது. பேட்ரியட்ஸ் அன்று மூன்றே முறை எறிந்து 46 முறை ஓடி 14-10 என்று வென்றது உண்மை. ஆனால் அந்த இரவில் வீசிய காற்றில் பந்தை எறிந்தால் எங்கே போகும் என்று எறிந்தவருக்கே தெரியாது.

சீஃப்ஸ் நிர்வாகம் அடுத்த சில மாதங்களில் காவல் வரிசை ஐந்து பேரையும் மாற்றியது. 2022 அக்டோபர் 2 அன்று இரு அணிகளும் அதே டாம்பா அரங்கில் மீண்டும் சந்தித்தன. வேயா நடுவில்தான் நின்றார். சீஃப்ஸ் 37 முறை ஓடி 189 யார்டு சேர்த்தது, 41-31 வெற்றி. அந்த ஆட்டத்தில் எல்லோரும் நினைவில் வைத்திருப்பது மஹோம்ஸ் எல்லைக்கோட்டருகே பம்பரமாய்ச் சுழன்று எட்வர்ட்ஸ்-ஹெலேருக்குத் தட்டிவிட்ட சின்ன எறிதலைத்தான். பக்கனியர்ஸ் அன்று மொத்தமாக ஓடிய தூரம் மூன்று யார்டு.