'கலிபிரேஷன்' என்று 8500 ரூபா: ஹட்டன் பக்கம் டிவி வாங்குகிறவர்கள் கவனம்

தீபாவளிக்கு டிவி எடுக்க டவுனுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து இதை முழுதாக வாசியுங்கள். டிவி விலைக்கு மேல் "கலிபிரேஷன் சார்ஜ்", அதாவது திரையின் நிறத்தை அளந்து சரிசெய்யும் கூலி, என்று தனியாகக் காசு கேட்டால், எந்தக் கருவியால் அளப்பீர்கள், எங்கே வைத்து அளப்பீர்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் ஒரு சதம்கூடக் கொடுக்காதீர்கள். என் சின்னம்மாவிடம் 8500 ரூபா வாங்கியிருக்கிறார்கள்.

சின்னம்மா நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா. அந்தக் கணக்கில் 8500 என்பது ஆறு நாள் கூலிக்கும் மேல். டிவியையே தீபாவளி முற்பணத்தையும் சீட்டுக் காசையும் சேர்த்துத்தான் எடுத்தார். முற்பணம் சும்மா வருவதில்லை, மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுவார்கள் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட காசில் கைவைத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள். நிறம் பிழைத்தால் என் பிழைப்பு போய்விடும் என்பதால் மொனிட்டரை அளக்க ஒரு கலரிமீட்டர் வைத்திருக்கிறேன். புது டிவியைப் பார்க்க வா என்று சின்னம்மா கூப்பிட்டார். தங்கையின் கல்யாண வீடியோவைப் போட்டோம். அரக்குக் கூறைச்சேலை கத்தரிப்பூ நிறத்தில் நின்றது. மணவறையில் இருந்தவர்கள் முகமெல்லாம் நீலம் பாய்ந்து, காய்ச்சலில் கிடந்து எழும்பியவர்கள் மாதிரி. பின்னால் தெரியும் மலையில் இளங்கொழுந்தும் முற்றல் இலையும் ஒரே பச்சை. நாளெல்லாம் கொழுந்துக்கும் முற்றலுக்கும் வித்தியாசம் பார்த்து விரல் தேய்கிற சின்னம்மாவே, "என்னடி, மலையெல்லாம் பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கு" என்றார்.

"கலிபிரேஷன் செஞ்சு குடுத்தாங்க, சர்ட்டிபிகேட்கூட இருக்கு" என்று மகன் ஒரு தாளைக் கொண்டுவந்தான். லெமினேட் செய்த தாள். வெள்ளை டி65, காமா 2.2, டெல்டா ஈ 1.2 என்று அச்சடித்திருந்தது. வெள்ளை எந்த வெள்ளை, கறுப்பிலிருந்து வெளிச்சம் எப்படி ஏறுகிறது, நிறம் எவ்வளவு பிழைக்கிறது என்று சொல்லும் எண்கள் இவை. டிவியின் சீரியல் நம்பர் இல்லை, தேதி இல்லை, அளந்த கருவியின் பெயர் இல்லை, அளந்தவர் கையெழுத்தும் இல்லை. எப்படிச் செய்தார்கள் என்று கேட்டேன். கடையிலேயே, டியூப்லைட் வெளிச்சத்தில், ரிமோட்டை எடுத்துக் கொஞ்ச நேரம் அமுக்கினார்களாம். திரையில் எந்தக் கருவியையும் வைக்கவில்லையாம்.

அடுத்த லயத்தில் இன்னொரு வீட்டிலும் அதே கடை டிவி இருந்தது. வேறு கம்பனி, வேறு சைஸ். அவர்களிடமும் தாள் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு எண்ணும் தசமம்வரை ஒன்றேதான். கண்ணாடிக் கடையில் கண்ணைச் சோதிக்காமலே வருகிற எல்லோருக்கும் ஒரே பவர் எழுதிக் கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஒரே கம்பனி, ஒரே மொடல், ஒரே நாளில் செய்த இரண்டு டிவியை அளந்தால்கூட எண்கள் அச்சு அசலாக ஒன்றாக வராது. வராததால்தான் அளக்கவே வேண்டியிருக்கிறது.

உண்மையான வேலை என்னவென்று தெரிந்திருந்தால் ஏமாற்றுவது கஷ்டம். எச்டி ஒளிபரப்புக்கான நிறத்தரம், பிடி.709 என்பது, 1990இலிருந்து இருக்கிறது. வெள்ளை என்றால் எந்த வெள்ளை, சிவப்பு என்றால் எந்தச் சிவப்பு என்று அதில் வரையறுத்திருக்கிறது. அந்த வெள்ளைதான் டி65: ஏறத்தாழ 6500 கெல்வின், நடுப்பகல் வெளிச்சம். கெல்வின் எண் கூடினால் வெள்ளை நீலமடிக்கும், குறைந்தால் மஞ்சளடிக்கும். வீடியோ எடுப்பவரும் எடிட் செய்பவரும் அதை வைத்துத்தான் வேலை செய்கிறோம். டிவியும் அதே வெள்ளையைக் காட்டினால்தான் சேலை சேலையின் நிறத்தில் தெரியும். கலிபிரேஷன் செய்கிறவர் டிவியை அரை மணி நேரமாவது ஓடவிட்டுச் சூடாக்க வேண்டும். பிறகு கறுப்பிலிருந்து வெள்ளைவரை படிப்படியாகச் சாம்பல் கட்டங்களைத் திரையில் போட்டு, ஒவ்வொன்றையும் கருவியால் அளந்து, சிவப்பு, பச்சை, நீலத்தைக் கூட்டிக் குறைத்து, திரும்ப அளக்க வேண்டும். டெல்டா ஈ என்பது வரவேண்டிய நிறத்துக்கும் வந்த நிறத்துக்கும் உள்ள தூரம். 3க்குக் கீழே என்றால் ஓடுகிற படத்தில் கண்ணுக்குப் பிடிபடாது என்று பொதுவாக வைத்துக்கொள்வார்கள். இதையெல்லாம் டிவி இருக்கப்போகும் அறையில்தான் செய்யவேண்டும். கடை வெளிச்சம் வேறு, ஒரே கதவு வழியாகப் பகல் வெளிச்சம் வரும் லயத்து அறை வேறு.

மறுமுறை போகும்போது மீட்டரையும் லெப்டொப்பையும் கொண்டுபோய், இருட்டிய பிறகு அளந்தேன். தாளில் டி65 என்று போட்ட டிவி 11,000 கெல்வினுக்கு மேல் காட்டியது. டெல்டா ஈ பல கட்டங்களில் இரட்டை இலக்கம். அதைவிட மோசம், படத்தைச் சரிசெய்து வைத்தால் சற்று நேரத்தில் தானாகப் பழையபடி பளபளவென்று மாறியது. காரணம் மெனுவில் தெரிந்தது: டிவியை 'ஸ்டோர் மோட்'டிலேயே விட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கடையில் நாலு டிவிக்கு நடுவே கண்ணைப் பறிக்க வேண்டும் என்பதற்காக உள்ள மோட் அது. யார் மாற்றினாலும் திரும்பப் பழைய நிலைக்கு வருவதுதான் அதன் வேலையே.

'ஹோம் மோட்'டுக்கு மாற்றி, படத்தை 'சினிமா'வில் போட்டு, வெண்மையை 'வார்ம்' ஆக்கினேன். அப்போதே மீட்டரில் 6800க்குப் பக்கம் வந்துவிட்டது. செலவு ஒன்றுமில்லை.

தாளையும் பில்லையும் எடுத்துக்கொண்டு சின்னம்மாவோடு கடைக்குப் போனேன். "தங்கச்சி, இது மெஷின்ல போட்ட செட்டிங். நீங்க கைவச்சா வாரண்டி போயிரும்" என்றார் மேனேஜர். அந்த மெஷினைக் காட்டுங்கள் என்றேன். "கொழும்புல இருக்கு." டிவி இங்கே இருக்க மெஷின் எப்படிக் கொழும்பிலிருந்து அளந்தது என்றதற்குப் பதில் இல்லை. இரண்டு தாளையும் மேசையில் வைத்ததும், "அக்கா, வேணும்னா ஒரு ஸ்டாண்ட் ஃப்ரீயா தாறோம்" என்று சின்னம்மா பக்கம் திரும்பிவிட்டார். காசு திரும்ப வரவில்லை. பில்லில் "சர்விஸ்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. ரிமோட்டில் வரும் சாதாரண பிக்சர் மெனுவை மாற்றினால் வாரண்டி போகாது. பிழைத்தால் பழையபடி வைக்க அதிலேயே 'ரீசெட்' உண்டு. இந்தப் பயமுறுத்தலை நம்பவேண்டாம்.

அந்த 8500இல் "எச்டிஆர் ஓபன் பண்ண" என்றும் ஒரு பங்கு சேர்த்திருந்தார்களாம். எச்டிஆர் என்பது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூடுதலாகக் காட்டும் படவகை. எச்டிஆர் படம் வந்தால் டிவி தானாக அந்த மோடுக்குப் போகும்; வெளிப் பெட்டியிலிருந்து வருவதென்றால் சில டிவியில் எச்டிஎம்ஐ மெனுவில் ஒரு தெரிவை மாற்றவேண்டும். அவ்வளவுதான். எச்டிஆர் படங்களில் பலதும் 1000 நிட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தை மனதில் வைத்துச் செய்யப்படுகின்றன. இந்த டிவியில் நான் அளந்த உச்சம் 300 நிட்டையே எட்டவில்லை. யார் எதைத் திறந்தாலும் பேனலில் இல்லாத வெளிச்சம் வராது. அதேபோல, அன்டெனாவில் நேத்ரா சேனல் பார்க்கிறவர்களுக்கு "4கே (எச்டியைவிட நுணுக்கமான படம்) ஆக்கித் தருகிறோம்" என்று சொன்னாலும் நம்பாதீர்கள். வருகிற படத்தில் இல்லாத விபரத்தை எந்த செட்டிங்கும் கொண்டுவராது.

வீட்டிலேயே செய்யக்கூடியதைச் சொல்கிறேன், கம்பனிக்குக் கம்பனி பெயர் கொஞ்சம் மாறும். முதலில் ஹோம் மோட், பிறகு சினிமா அல்லது மூவி அல்லது ஃபில்ம்மேக்கர், பிறகு வார்ம். முதல் இரண்டு நாள் மஞ்சளடித்த மாதிரித் தெரியும். பொறுங்கள், கண் பழகிவிடும். ஷார்ப்னஸை நன்றாக இறக்குங்கள், எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு மறைகிற வரைக்கும். படம் வழுக்கிக்கொண்டு நாடகம் மாதிரி ஓடினால் 'மோஷன்' என்ற சொல் வரும் தெரிவை நிறுத்துங்கள். 'டைனமிக் கான்ட்ராஸ்ட்' வேண்டாம். அறை வெளிச்சத்துக்கு பேக்லைட்டைத்தான் கூட்டிக் குறைக்கவேண்டும், 'பிரைட்னஸ்' பல டிவிகளில் கறுப்பின் அளவை மாற்றுவது. அதைக் கூட்டினால் இரவுக் காட்சியெல்லாம் பனி மூடிவிடும்.

இதற்கு மேலும் துல்லியம் வேண்டும் என்று காசு கொடுப்பதில் தப்பில்லை, நேர்மையாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து, உங்கள் கண்முன் கருவியைத் திரையில் வைத்து, முன்னும் பின்னும் அளந்த எண்களை உங்கள் டிவியின் சீரியல் நம்பரோடு எழுதித் தருகிறாரா என்று மட்டும் பாருங்கள். பில்லில் "கலிபிரேஷன்" என்ற சொல்லே இருக்கட்டும்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு அழைத்து முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். பில், இரண்டு தாள்களின் படம், நான் அளந்த எண்கள் எல்லாம் கைவசம் இருக்கின்றன. ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை பக்கம் யார் வீட்டிலாவது டெல்டா ஈ 1.2 என்று அச்சடித்த இதே லெமினேட் தாள் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பில்லோடு சேர்த்துப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், முறைப்பாட்டில் சேர்க்கிறேன்.