சக்கரமா, கையா? கடலோரப் பள்ளியில் மண் வகுப்பு

ஒன்பதாம் வகுப்பில் 40 பிள்ளைகள், ஓவியப் பாடவேளை 40 நிமிடம். பானை வனையும் மின்சக்கரம் ஒன்று வாங்கி வைத்தால் ஆளுக்கு ஒரு நிமிடம்தான் கிடைக்கும். பழைய மாணவர்கள் பணம் தருகிறார்கள், சக்கரமும் மின்சூளையும் வாங்கலாமா என்று பக்கத்து ஊர் ஓவிய ஆசிரியர் கேட்டதும் நான் போட்ட முதல் கணக்கு இது. இராமநாதபுரம் கடலோரப் பள்ளி ஒன்றில் சில வருடங்களாகப் பிள்ளைகளோடு மண் பிசைகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கைவேலையும் கண்மாய் மண்ணும், ஊரில் பானை செய்யும் வேளாரின் சூளையும் போதும்.

சக்கரத்தின் அருமை தெரியாமல் சொல்லவில்லை. சுழலும் மண்ணை ஆட்டமில்லாமல் நடுவில் நிறுத்தவே தினமும் உட்கார்ந்து பழக வேண்டும். வாரம் ஒரு பாடவேளையில் அது கைக்கு வராது. கைவேலையில் முதல் நாளே 40 பேரும் ஏதாவது செய்துவிடுகிறார்கள். உருண்டையில் கட்டைவிரலை அழுத்தினால் கிண்ணம், திரி உருட்டி அடுக்கினால் குடுவை, பலகையில் தட்டினால் ஓடு. மண்குதிரை சுமந்து வரும் புரவி எடுப்புத் திருவிழாவைப் பார்த்த பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது இன்னும் சுலபம். ஐயனாருக்கு வைக்கும் குதிரையின் காலும் உடம்பும் உள்ளே கூடுதான். திடமாகச் செய்தால் சூட்டில் வெடித்துவிடும். ஒட்டும் இடத்தைக் கீறி, குழம்பு மண் தடவி அழுத்த வேண்டும். சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்பார்கள். காய்ந்த கைப்பிடியும் ஈரக் கோப்பையும்கூட ஒட்டாது, பிள்ளைகள் அதை இரண்டாம் வாரமே கண்டுகொள்கிறார்கள்.

அடுத்தது மண். கடையில் பாக்கெட்டில் வரும் களிமண் சுத்தமானது, கல் இருக்காது, பிரித்தவுடன் வேலை தொடங்கலாம். அவசரத்துக்கு அதுவே நல்லது. ஆனால் காசு ஆகும், பிள்ளைகளும் கெட்டுப்போகுமோ என்று பயந்து பயந்து கை வைப்பார்கள். கண்மாய் மண் நம் ஊரிலேயே கிடைக்கிறது. முறைப்படி அனுமதி பெற்று மண் எடுக்கும் வேளாரிடமே ஒரு மூட்டை கேட்டு வாங்குவது நல்லது.

முதல் வருடம் நான் அப்படிச் செய்யவில்லை. பக்கத்தில் கிடைக்கிறதே என்று கடலை ஒட்டிய பள்ளத்து மண்ணை எடுத்து வந்தேன். கிண்ணங்கள் சூளையிலிருந்து முழுசாகத்தான் வந்தன. பத்து நாளில் ஒவ்வொன்றிலும் காசு அளவுக்குச் சில்லு பெயர்ந்தது. பெயர்ந்த குழியின் நடுவில் கடுகு மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. எடுத்துப்போய்க் காட்டியதும் வேளார் தாத்தா நகத்தால் சுரண்டிப் பார்த்தார். “உள்ள சிப்பி கெடக்கு வாத்தியாரே. சுட்டா சுண்ணாம்பாயிரும். ஈரக்காத்து பட்டா ஊதி, பானைய ஒடச்சிரும்.” சுட்ட சிப்பியில் தண்ணீர் தெளித்தால் பொங்குமே, அதே வேலை கிண்ணத்துக்குள் மெதுவாக நடந்திருக்கிறது. விளிம்பு பெயர்ந்த கிண்ணத்தைப் பையில் வைத்துக்கொண்டு பேசாமல் போன பிள்ளையின் முகம் இன்னும் மனதில் இருக்கிறது.

இப்போது எந்த மண்ணானாலும் தொட்டியில் ஊறப்போட்டுக் கரைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுகிறோம். தெளிந்த நீரை இரண்டு மூன்று முறை கொட்டிப் புதுத் தண்ணீர் ஊற்றினால் உப்பும் குறையும். உப்பு நின்றால் காயும்போது மேலே வெள்ளைப் படலமாகப் பூக்கும். மண்ணோடு கலக்க ஆற்று மணல் எடுங்கள், கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். அதிலும் சிப்பித் தூள் இருக்கும்.

சுடுவதில் மின்சூளைக்கு ஒரு பலம் உண்டு. சூட்டை நினைத்த அளவில் நிறுத்தலாம். கண்ணாடி மெருகு பூசி 1200 டிகிரிக்கு மேல் சுட வேண்டுமானால் அது தேவைதான். நம் செம்மண் பாண்டத்துக்கு 700 முதல் 900 டிகிரி போதும், விறகு, வைக்கோல், பனைமட்டை எரியும் சூளையே அதைத் தந்துவிடும். வேளாரின் அடுத்த சூளையில் ஒரு ஓரம் கேட்டால் இடம் கொடுப்பார், அதற்குக் கூலி கொடுத்துவிட வேண்டும். சில சாமான் கருகும், சில உடையும். அழகன்குளம் அகழாய்வில் கிடைத்த கருப்பு சிவப்புப் பானை ஓடுகளின் நிறமும் காற்று பட்ட இடம், படாத இடம் என்று நெருப்பு செய்த வேலைதான். பெரியபட்டினத்தில் கிடைத்த சீனப் பீங்கான் துண்டுகள் அதைவிடப் பெரிய சூட்டில் வெந்தவை. இரண்டும் இந்த மாவட்டத்து மண்ணுக்குள் கிடந்தவை என்று சொன்னால் பிள்ளைகள் அசந்துபோகிறார்கள்.

ஆகவே அந்த ஆசிரியரிடம் சொன்னேன்: பணத்தில் தொட்டி, பலகை, தார்ப்பாய் வாங்குங்கள், வேளாரை நான்கு நாள் வகுப்புக்கு அழைத்து அவருக்குச் சம்பளம் கொடுங்கள். பிள்ளைகளை ஒருநாள் இராமநாதபுரம் அரண்மனையில் இருக்கும் இராமலிங்க விலாசம் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய் அழகன்குளத்து ஓடுகளைக் காட்டுங்கள். மீதி இருந்தால், விரும்புகிற நாலைந்து பேர் மாலையில் பழக ஒரு சக்கரம். செய்த சாமானைக் கடல்காற்று நேராக அடிக்கும் ஜன்னலில் வைக்காதீர்கள், ஒரு பக்கம் மட்டும் காய்ந்து விரிசல் விடும். கன்னத்தில் வைத்துப் பார்த்துக் குளிர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, சூளைக்கு அனுப்பக் கூடாது. எப்படியும் புரட்டாசிக்குள் சுட்டு முடியுங்கள், ஐப்பசி பிறந்தால் பனைமட்டை நனைந்துவிடும்.