பெம், டெயில்விண்ட், சிஎஸ்எஸ் மாட்யூல்ஸ்: பெரிய ப்ராஜெக்டில் நீண்ட நாள் புழங்கிய பிறகு

வலைப்பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் ஸ்டைல்ஷீட்டுக்கு (சிஎஸ்எஸ் கோப்புக்கு) எந்த முறை நல்லது என்று கேட்டால், எழுதும்போது எது சுகமாக இருக்கிறது என்பதை வைத்துத்தான் பலரும் பதில் சொல்கிறார்கள். பல வருடம் ஓடும் ப்ராஜெக்டில் எழுதுவது சின்ன வேலை. யாரோ எப்போதோ எழுதிய விதியைப் பயமில்லாமல் நீக்க முடிகிறதா? என் அளவுகோல் இதுதான்.

ரஷ்ய நிறுவனமான யாண்டெக்ஸில் பிறந்த, கிளாஸ்களுக்குப் பெயர் வைக்கும் பெம் முறையில் அதிக காலம் வேலை செய்திருக்கிறேன். பிளாக், எலிமென்ட், மாடிஃபையர் என்று பெயர் நீண்டு கண்ணை உறுத்தும், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு விதிக்கும் ஒரே ஒரு கிளாஸ் என்பதால் எந்த விதிக்கு வலு அதிகம் என்ற ஸ்பெசிஃபிசிட்டி சண்டையே வராது. பெயரைத் தேடிப் பார்த்து, எங்கும் பயன்பாட்டில் இல்லையென்றால் தூக்கிவிடலாம். இந்த வசதியைக் கெடுப்பது, சிஎஸ்எஸ் ஆக மாற்றப்படும் மொழியான சாஸ். ஆம்பர்சாண்ட் குறி போட்டு பின்னொட்டை மட்டும் எழுதினால் கிளாஸின் முழுப்பெயர் ஸ்டைல்ஷீட்டில் எங்கேயும் இருக்காது. தேடினால் எப்படிக் கிடைக்கும்? பெம் எடுப்பவர்கள் முழுப்பெயரையே எழுதுங்கள், விரல் வலித்தாலும் பரவாயில்லை.

சின்னச் சின்ன ஸ்டைலுக்கும் தயாரான கிளாஸ் தரும் டெயில்விண்டில் நீக்கும் கவலையே இல்லை. எச்டிஎம்எல் போனால் ஸ்டைலும் கூடவே போய்விடும், பயன்படுத்தாத கிளாஸ் பில்டில் சேராது. ஆனால் கிளாஸ் பெயரை ஜாவாஸ்கிரிப்டில் துண்டு துண்டாக ஒட்டி உருவாக்கினால் டெயில்விண்டால் அதைக் கண்டுபிடிக்க முடியாது, ஸ்டைலும் வராது. காம்பொனென்ட் (திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் துண்டு) பழக்கம் இல்லாத குழுவில் ஒரே நீளமான கிளாஸ் வரிசை பத்து இடத்தில் நகலாகிக் கிடக்கும்.

சிஎஸ்எஸ் மாட்யூல்ஸ் ஒவ்வொரு கோப்பின் கிளாஸ் பெயரையும் தனியாக்கிவிடுவதால் பெயர் மோதலை ஒழித்துவிடுகிறது. வரிசைப் பிரச்சினை மட்டும் தீராது. ஒரே எலிமென்டில் இரண்டு கோப்புகளின் கிளாஸ்கள் இருந்தால், கடைசியில் வரும் கோப்புதான் ஜெயிக்கும். கோட் ஸ்ப்ளிட்டிங் (கோடைத் துண்டுகளாகப் பிரித்துத் தேவைப்படும்போது ஏற்றுவது) இருந்தால் டெவலப்மென்டில் ஒரு வரிசை, புரொடக்‌ஷனில் வேறு வரிசை. இந்த வகை பக்கைப் பிடிப்பது பெரும்பாடு.

அதனால்தான், விதிகளை அடுக்குகளாகப் பிரித்து எது ஜெயிக்கும் என்று நாமே வரிசை சொல்லும் காஸ்கேட் லேயர் (பின்னால் அறிவிப்பது மேல் லேயர்) எனக்குப் பெரிய விஷயமாகப்படுகிறது. குரோம் 99, ஃபயர்ஃபாக்ஸ் 97, சஃபாரி 15.4 என 2022 தொடக்கத்திலேயே எல்லா முக்கிய பிரவுசரிலும் வந்துவிட்டது. வெளி லைப்ரரியைக் கீழ் லேயரில் போட்டால், அது கிளாஸைவிட வலுவான ஐடி செலக்டரே வைத்திருந்தாலும் மேல் லேயரில் இருக்கும் நம் ஒற்றைக் கிளாஸ் ஜெயிக்கும். இன்று புதிதாகத் தொடங்கினால் ரீசெட், லைப்ரரி, காம்பொனென்ட், யுட்டிலிட்டி என்று லேயர் வரிசையை முதல் நாளே அறிவித்துவிட்டு, அப்புறம் மாட்யூல்ஸோ பெம்மோ குழுவுக்குப் பிடித்ததை எடுப்பேன்.

பழைய ப்ராஜெக்டை லேயருக்கு மாற்றுகிறவர்கள் இம்பார்ட்டன்ட் (ஒரு விதிக்கு முன்னுரிமை தரும் குறி) எங்கெல்லாம் இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். அதற்கு லேயர் வரிசை தலைகீழ்: கீழ் லேயரின் இம்பார்ட்டன்ட்தான் மேல் லேயருடையதை வெல்லும். லேயருக்கு வெளியே மிச்சம் கிடக்கும் சாதாரண விதிகளோ எல்லா லேயரையும் தோற்கடிக்கும். அதனால் முதலில் பழைய கோப்பு முழுவதையும் ஒரு லேயருக்குள் போட்டுவிட்டு மற்றதைத் தொடங்குவது நல்லது.