குழம்பும் நெய்ச்சோறும்: இரண்டு சங்கப் பாடல்கள்

சாப்பாட்டையும் குடும்பத்தையும் ஒன்றாகப் பாடிய கவிதை எது என்று கேட்டால், எனக்கு உடனே இரண்டு நினைவுக்கு வரும். ஒன்று, கூடலூர் கிழாரின் குறுந்தொகை 167. மற்றது, பாண்டியன் அறிவுடைநம்பியின் புறநானூறு 188.

குறுந்தொகையில் புதிதாக மணமானவள் சமைக்கிறாள். கட்டித் தயிரைப் பிசைந்த விரல்கள். துவைக்காமலே உடுத்திய சேலை. தாளிப்புப் புகை கண்ணில் ஏறுகிறது. தானே துழாவிச் சமைத்த தீம்புளிப் பாகர், அதாவது இனிய புளிக்குழம்பு, நம் மோர்க்குழம்புக்குப் பாட்டி முறை என்றே எனக்குத் தோன்றும். கணவன் "இனிது" என்று சாப்பிடுகிறான். அவள் முகம் 'நுண்ணிதின்', அதாவது நுட்பமாக, மகிழ்கிறது. சிரித்தாள் என்றுகூடச் சொல்லவில்லை. இதைப் பார்த்துவந்த செவிலித்தாய் பெற்றவளிடம் சொல்கிறாள். மகளைக் கட்டிக்கொடுத்த அம்மாவுக்கு இதைவிட வேறென்ன செய்தி வேண்டும்?

புறநானூற்றில் பலரோடு உண்ணும் செல்வர் வீடு. நடுவில் குறுகுறுவென்று நடந்துவரும் குழந்தை நெய்ச்சோற்றைத் தொட்டு, கவ்வி, துழாவி, உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறது. காட்சி அபாரம். ஆனால் பிள்ளை இல்லாதவர் வாழ்வில் பயனே இல்லை என்று அரசர் முடிப்பது எனக்கு உறுத்துகிறது. குழந்தையில்லாத வீடுகளிலும் அன்பாகப் பரிமாறிய கைகளில் சாப்பிட்டிருக்கிறேன்.

அப்புறம் ஒரு சின்ன அழகு: அவள் குழம்பைத் 'துழந்து' சமைக்கிறாள், குழந்தையும் சோற்றைத் 'துழந்தும்' விளையாடுகிறது. இரண்டிலும் ஒரே சொல். என் ஓட்டு குறுந்தொகைக்குத்தான், அந்த 'நுண்ணிதின்' ஒன்றுக்காகவே.